எனக்கு ஒரு போன், அத்தைக்கு ஒரு போன்

‘ஐபோன் வாங்கலாமா, ஆண்ட்ராய்டே போதுமா?’ என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான். யார்கிட்டேர்ந்து மறைக்கணும்? பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். “எனக்கு என்னடா மறைக்க இருக்கு, நான் என்ன டத்தோவா?” கோத்தா திங்கியில் இந்தப் பதிலை ஐம்பது முறையாவது கேட்டிருப்பேன். சொல்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் வளர்ந்த இடம் அப்படி.

எங்கள் அப்பா வழியினர் டவுனுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நம் சோற்றுக்கு வாசனை வரும். சண்டை போட்டால் வசனம் வரும். அந்தரங்கம் என்கிற சொல்லே அங்கே சந்தேகத்துக்குரியது. பகலில் கதவைச் சாத்தினால் உள்ளே ஏதோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம். அப்படி வாழ்ந்தவர்களிடம் போய் ‘உங்கள் தரவு’ என்று ஆரம்பித்தால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் அதே தோட்டத்தில் மண்டோர் கையில் ஒரு நோட்டும் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை குலை வெட்டினார் எல்லாம் அதில் ஏறும். அந்த நோட்டை வாங்கிப் பார்த்தவர் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. மேட்டில் மேனேஜர் பங்களா. அங்கிருந்து லயம் முழுக்கத் தெரியும். லயத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் வேலி மட்டும் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நம் கதை தெரியும் என்றால் அந்த அம்மாவின் கதை நமக்கும் தெரியும், அது ஒரு கொடுக்கல் வாங்கல். நோட்டில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஹென்போன் பற்றி எனக்கிருக்கும் கவலையெல்லாம் இந்த இரண்டாவது வகையைப் பற்றியது. நமக்கு வந்திருப்பது பலகைச் சுவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வந்திருப்பது நோட்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எந்தப் போன் வாங்கினாலும் மூடமுடியாத ஓட்டைகள் உண்டு. 2017 அக்டோபரில் மலேசியாவின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே விற்பனைக்கு வந்திருப்பதை லோயாட் இணையத்தளம் வெளிப்படுத்தியது. பெயர், முகவரி, அடையாள அட்டை எண், சிம் விவரம் எல்லாம் அதில் இருந்தன. நாட்டின் மக்கள்தொகை அப்போது 3 கோடியே 20 லட்சம் அளவில்தான். ஆளைவிட நம்பர் அதிகமாகக் கசிந்த நாடு இது. அந்தப் பட்டியலில் ஐபோன்காரர், நோக்கியாக்காரர் என்ற பேதமெல்லாம் இல்லை. 2025 ஜூனில் இன்னொன்று தெரியவந்தது. தொடர்பு, பல்லூடக ஆணையம் அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்கான அழைப்பு, இருப்பிடப் பதிவுகளைத் தொலைபேசி நிறுவனங்களிடம் கேட்டிருந்தது. பெயர் நீக்கப்பட்ட தரவுதான், சுற்றுலா, இணைய வசதி பற்றிய புள்ளிவிவரத்துக்காகத்தான் என்று ஆணையம் விளக்கம் சொன்னது. இருக்கலாம். நான் கவனித்தது வேறு: அந்தத் தரவு என் போனிலிருந்து எடுக்கப்படுவதே இல்லை, கோபுரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. 2010இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. சட்டத்தின் மூன்றாம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் மறக்க முடியாது. ஜோகூரில் பாதிப் பேருக்கு வேலை அங்கேதானே. 2020 மார்ச்சில் சிங்கப்பூர் வெளியிட்ட டிரேஸ்டுகெதர் செயலி, தொழில்நுட்ப ரீதியில் பார்த்தால் நல்ல வடிவமைப்பு. இருப்பிடத்தைத் தொடாது, புளூடூத் மட்டும்தான், மூல நிரலின் ஒரு வடிவத்தைக்கூட வெளியிட்டார்கள். நோய்த்தொற்றைத் தேட மட்டுமே பயன்படும் என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதியளித்தார். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் உண்மை வெளிவந்தது: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறை அந்தத் தரவைக் கேட்டு வாங்கலாம். உறுதி சொன்னபோது அந்தச் சட்டம் தன் நினைவில் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். பிறகு சட்டம் திருத்தி, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஆக, நிரல் சுத்தமாக இருந்தும் போதவில்லை.

இதையெல்லாம் சொன்னால், ‘அப்புறம் எதுக்குடா போனைப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்க?’ என்பார்கள். கோபுரத்தைப் பூட்ட முடியாது என்பதற்காக வீட்டைத் திறந்துபோட்டுத் தூங்க முடியுமா?

நான் வைத்திருப்பது சிங்கப்பூரில் ஒரு நண்பர் வழியாக வாங்கிய பழைய பிக்சல் போன். நீண்ட காலம் பிக்சல் இங்கே அதிகாரபூர்வமாக விற்பனைக்கே வரவில்லை. அதில் கூகுளின் மென்பொருளை அழித்துவிட்டு கிராஃபீன்ஓஎஸ் போட்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலிலிருந்து எடுத்து, கூகுளை அதிலிருந்து பிரித்து, பாதுகாப்பை இறுக்கிக் கட்டிய இயங்குதளம். கூகுளிடமிருந்து தப்ப கூகுள் போனையே வாங்க வேண்டியிருப்பது நல்ல நகைச்சுவை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள். காரணம் எளிமையானது. வேறு இயங்குதளத்தை ஏற்றிய பிறகும் வாசலைத் திரும்பப் பூட்டிக்கொள்ள பிக்சல் விடுகிறது. பல நிறுவனங்களின் போன்களில் திறந்தால் திறந்ததுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னப் பொத்தான். ஒவ்வொரு செயலிக்கும் ‘இணையம் வேண்டுமா, வேண்டாமா’ என்று தனித்தனியாக முடிவு செய்யலாம். வழக்கமான ஆண்ட்ராய்டில் கேமரா, மைக், தொடர்பெண்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பான். இணையத்துக்கு மட்டும் கேட்கவே மாட்டான், நிறுவியதுமே கிடைத்துவிடும். டார்ச் லைட்டுக்கு எதற்கு இணையம்? கால்குலேட்டருக்கு எதற்கு? கேட்க நமக்கு வழியில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தப் பொத்தானின் அருமை விசைப்பலகையில்தான் தெரியும். யோசித்துப் பாருங்கள், போனில் நாம் எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் முதலில் பார்ப்பது விசைப்பலகைச் செயலிதான். சிக்னலில் அனுப்பும் ரகசியச் செய்தியானாலும், பூட்டப்படுவதற்கு முன்னால் விசைப்பலகை வழியாகத்தான் போக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்குப் போனோடு வந்ததே போதும். நாம்தான் வெளியே போய் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டவர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் தமிழ் எழுதுகிறது என்கிற ஒரே சந்தோஷத்தில், யார் செய்தது என்றே தெரியாத எத்தனையோ விசைப்பலகைகளை நாம் போட்டுக்கொண்டோம். நண்பர்களின் போன்களில் இப்போதும் அவை இருக்கின்றன, நடுநடுவே விளம்பரத்தோடு.

இந்த விஷயத்தில் மலேசியத் தமிழர்களுக்குக் கொஞ்சம் பெருமைப்பட உரிமை உண்டு. முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை 1985இல் இங்கேதான் தொடங்கினார். பிறகு செல்லினமும் வந்தது. ஐபோனில் அஞ்சல், தமிழ்99 இரண்டும் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் உள்ளேயே இருக்கின்றன, வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. அதோடு ஐபோனில் வெளியார் விசைப்பலகைக்கு ‘முழு அணுகல்’ என்று நாமாகக் கொடுத்தால் ஒழிய இணையம் கிடையாது. ஆப்பிளை எனக்குப் பிடிக்காது, ஆனால் இந்த இடத்தில் சாதா ஆண்ட்ராய்டைவிட அவர்கள் நாணயமாக நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லத்தான் வேண்டும். என் போனில் இருப்பது ஹெலிபோர்ட். திறந்த மூல நிரல், இணைய அனுமதியே கேட்காத விசைப்பலகை, தமிழும் உண்டு. ஊகித்துச் சொல் கொடுப்பதில் மந்தம். ‘கைப்பேசி’ என்று முடிப்பதற்குள் கை வலிக்கும். பரவாயில்லை, மெதுவாக எழுதினால் கொஞ்சம் யோசித்தும் எழுதுகிறேன்.

ஹெலிபோர்ட் பிளே ஸ்டோரில் கிடையாது. எஃப்-டிராய்டு என்கிற களஞ்சியத்திலிருந்து எடுத்து, ‘தெரியாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதி’ என்கிற இடத்தில் ஒரு தட்டு தட்டிப் போட வேண்டும். அந்தத் தட்டைப் பற்றித்தான் இனி பேச வேண்டும்.

2023 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அத்தைக்கு ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. வீடு கழுவிக் கொடுக்க ஆள், மணிக்கு இவ்வளவு, முகநூலில். முழங்கால் வலி, கேண்டீன் வேலை முடிந்து வந்து ஜன்னல் துடைக்கத் தெம்பில்லை. அத்தை புலனத்தில் கேட்டிருக்கிறார். (வாட்ஸ்அப்பைப் புலனம் என்று சொல்வதை நாங்கள்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.) எதிரில் பேசியவன் மரியாதையாக மலாயில் ‘அக்கா, அக்கா’ என்று பேசி, பதிவு செய்ய ஒரு செயலி அனுப்பினான். போன் எச்சரித்தது. எப்படி எச்சரிக்கையைத் தாண்டுவது என்று அவனே குரல் பதிவில் சொல்லிக்கொடுத்தான். குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். முன்பணம் பத்து வெள்ளி மட்டும் கட்டச் சொல்லி வங்கிகளின் பட்டியலோடு ஒரு பக்கம் வந்தது. அசல் மாதிரியே இருந்த பக்கம். பெயரும் கடவுச்சொல்லும் போட்டார்.

“டேக் நம்பர் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன் ஐயா, வரவே இல்ல. லைன் சரியில்ல போலன்னு வெச்சிட்டேன்.”

வந்தது. அந்தச் செயலி அதைப் படித்து, அவனுக்கு அனுப்பிவிட்டு, அத்தை கண்ணில் படாமல் விழுங்கிவிட்டது. சீட்டுப் பணம் 4,300 வெள்ளி. 997க்கு அழைத்தோம், போலீஸில் புகார் கொடுத்தோம். வங்கியில், ‘உங்க விவரத்த நீங்களேதானே குடுத்திருக்கீங்க’ என்றார்கள். அதுவும் உண்மைதான், அதுதான் வயிற்றெரிச்சல். குறுஞ்செய்தியில் டேக் எண் அனுப்புவதை நிறுத்திச் செயலிவழி உறுதிப்படுத்தலுக்கு மாறும்படி பேங்க் நெகாரா 2022 செப்டம்பரிலேயே வங்கிகளிடம் சொல்லியிருந்தது. அத்தையின் கணக்கில் அந்த மாற்றம் அதுவரை வந்திருக்கவில்லை.

அன்றிரவு அத்தை மகன் என்னைப் பார்த்துக் கேட்டான். “நீ எப்பவும் சொல்வியே, நம்ம போன்ல நாம நெனச்சத போட்டுக்கணும், அது நம்ம உரிமைன்னு. அம்மாவும் அதத்தானே செஞ்சாங்க?”

அவன் கோபத்தில் கேட்டது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. எனக்கு ஹெலிபோர்ட் வந்த வாசலும் அத்தையின் பணம் போன வாசலும் ஒன்றுதான். ஒரே பட்டியல், ஒரே தட்டு. அந்தரங்கம் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் ‘மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து நாசி லெமாக் கட்டுகிறவரிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஏமாளியாகப் பிறக்கவில்லை. ஏமாற்றுவதையே முழுநேர வேலையாகச் செய்கிற ஒருவன், அவர் களைத்திருந்த நேரத்தில் வந்தான்.

ஒரு மாதம் கழித்து ஜேபியில் பழைய ஐபோன் 11 ஒன்று வாங்கி அத்தைக்குக் கொடுத்தேன். கூட்டத்தில் நான் சொன்னால் நண்பர்கள் துரோகி என்பார்கள். ஐபோனில் அந்தத் தட்டே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் போட்டு 2024இல் கொஞ்சம் திறக்க வைத்தார்கள், நமக்கு இன்னும் மூடியேதான் இருக்கிறது. வெளிச் செயலி எதுவும் குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து படிக்கவும் முடியாது. அத்தையின் விஷயத்தில் ‘யார்கிட்டேர்ந்து மறைக்கணும்’ என்ற கேள்விக்குப் பதில் தெளிவாக இருந்தது: லயத்துக்குள் நுழைகிற திருடனிடமிருந்து. மேட்டு பங்களாவிடமிருந்து இல்லை. எனக்குப் பங்களாதான் பயம். ஆளுக்கு ஆள் பயம் வேறு என்றால் போனும் வேறாகத்தான் இருக்க வேண்டும். ஒரே போனை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிற கட்டுரைகளை இப்போதெல்லாம் நான் படிப்பதில்லை.

பங்களா என்று சொன்னதை ஆப்பிள் ரசிகர்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சரியாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தரங்கம் எங்கள் கொள்கை என்று பெரிய பெரிய பலகை வைக்கிற ஆப்பிள், சஃபாரியில் கூகுள் தேடலை முதலில் வைத்ததற்காக 2022இல் மட்டும் கூகுளிடம் 2,000 கோடி அமெரிக்க டாலர் வாங்கியது. அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் உள்ள கணக்கு. ஐகிளவுட் காப்புப்பிரதியின் சாவி, நாம் தனியாக ஓர் அமைப்பை இயக்காதவரை ஆப்பிளிடமே இருக்கும். பிரிட்டனில் அரசு அழுத்தம் கொடுத்ததும் 2025 பிப்ரவரியில் அந்த அமைப்பையே அங்கே எடுத்துவிட்டார்கள். துரை நல்லவராக இருக்கலாம், ஆனால் முடிவு துரையுடையது. அத்தையின் போனில் அந்த அமைப்பை இயக்கி, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அத்தைக்கு அது என்ன என்று தெரியாது, ஆனால் வெள்ளிக்கிழமை பூ வைக்கும்போது தாளைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்கிறார். தமிழ் விசைப்பலகையைக் காட்டிக்கொடுத்தேன். ஒரு நாள் எழுதினார், அதோடு சரி. அவருக்குக் குரல் பதிவுதான்.

இந்த ஏற்பாட்டில் நான் நிம்மதியாக இருந்திருப்பேன், கூகுள் 2025 ஆகஸ்டில் அந்த அறிவிப்பை வெளியிடாமல் இருந்திருந்தால். அங்கீகரிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில், எங்கிருந்து எடுத்துப் போட்டாலும், செய்தவர் கூகுளிடம் தன் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிந்திருக்க வேண்டும். முதலில் 2026 செப்டம்பரில் நான்கு நாடுகள்: பிரேசில், தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர். வரைபடத்தில் பாருங்கள், மலேசியாவைச் சுற்றி மூன்று. காரணமாகச் சொல்வது அத்தைக்கு நடந்ததைத்தான். சிங்கப்பூரில் 2024 பிப்ரவரியிலேயே, குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கிற வெளிச் செயலிகளைத் தடுக்கும் சோதனை முயற்சியை அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து தொடங்கியிருந்தார்கள். அந்த முயற்சியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். திருடன் கேட்கிற குறிப்பிட்ட அனுமதியைப் பார்த்து மறிக்கிறது, என் விசைப்பலகையைத் தொடுவதில்லை. புதிய திட்டம் அப்படியில்லை. அது செயலி என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை, செய்தவன் யார் என்று கேட்கிறது. அடையாள அட்டையைக் காட்டிப் பெரட்டில் பெயர் கொடுத்தால்தான் வேலை.

எஃப்-டிராய்டு நடத்துபவர்கள் இது தங்கள் களஞ்சியத்துக்கே முடிவு என்று சொல்லிவிட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகு, நவம்பரில் கூகுள் சற்று இறங்கி வந்தது. அபாயம் தெரிந்தவர்கள் தாமாக ஏற்றுக்கொண்டு நிறுவ ஒரு தனி வழி வைப்பார்களாம், மோசடிக்காரன் தொலைபேசியில் வற்புறுத்தும்போது தாண்டிவிட முடியாதபடி வடிவமைப்பார்களாம். அப்படி ஒன்றை ஒழுங்காகச் செய்தால் அது அத்தை மகனின் கேள்விக்கு நான் இதுவரை பார்த்ததிலேயே நல்ல பதில். ஒரு நாள் காத்திருக்கச் சொல்லலாம். ஒரு இரவு போதும், மறுநாள் காலை அத்தை என்னிடம் கேட்டிருப்பார். கதவைப் பெயர்த்தெடுத்துச் சுவர் வைப்பதற்கும், கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

என் கிராஃபீன்ஓஎஸ் கூகுளின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாததால் இந்த விதி நேரடியாக என்மீது விழாது. அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. மற்ற போன்களில் ஓடாத செயலியை யார் உட்கார்ந்து செய்வார்கள்? தமிழ் கணினிக்குள் வந்ததே யாரிடமும் அனுமதி கேட்காத மனிதர்கள் தங்கள் அறையில் உட்கார்ந்து எழுதிய மென்பொருளால்தான். பெரிய நிறுவனங்கள் நம்மைக் கவனித்தது பிறகு. இனி அப்படி ஒருவர் தமிழுக்கோ, எந்தப் பெரிய நிறுவனமும் எட்டிப் பார்க்காத செமாய் மொழிக்கோ ஒரு விசைப்பலகை செய்தால், அவர் முதலில் போய் நிற்க வேண்டிய வரிசை எது?

இதற்கு நான் கொடுக்கும் விலை ஒன்றும் சும்மா இல்லை. தட்டிப் பணம் கட்டும் வசதி என் போனில் வேலை செய்யாது. போன ஆண்டு ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு என் வங்கியின் செயலி, ‘இந்தக் கருவி பாதுகாப்பானது இல்லை’ என்று திறக்க மறுத்தது. ஊரிலேயே இறுக்கமாகப் பூட்டிய போன் அதுவாகத்தான் இருக்கும். வங்கிக்காக மட்டும் சிம் இல்லாத பழைய போன் ஒன்று அலமாரியில் கிடக்கிறது.

சிங்கப்பூரில் வேலை செய்கிற சித்தி மகள் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். என்னைப் பார்த்து அவளும் ஹெலிபோர்ட் போட்டுக்கொண்டவள், கவிதை எழுதுகிறாள். புதுப் போன் வாங்கியிருக்கிறாள்.

“அண்ணே, செப்டம்பருக்கு முன்னாடியே இதுல அந்தக் கீபோர்ட் போட்டுக் குடுத்துடுங்களேன்.”

போட்டுக்கொடுத்தேன், ஐந்து நிமிட வேலை. அடுத்த அப்டேட் வந்தால் உள்ளே ஏறுமா என்று கேட்டாள். “அத அவங்கள்லா கேக்கணும்” என்றேன்.